கிறித்து சமயத்தில் வினைப்பயன்: கொல்லிமலை வரலாறு காட்டும் உண்மை

சிவமயம்

செய்த வினை செய்தவனைப் பற்றும் என்பது சைவர்க்கே உரிய கொள்கை, கிறித்து சமயத்தார்க்கு அஃது இல்லை என்று சைவருள் பலர் கருதுவர். எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றித் துன்பப்படுவாரைக் கைவிடுவதே சைவம் என்று கிறித்தவருட் பலர் கருதுவர். இவ்விரு கருத்தும் பிழையாதலை நூலாராய்ச்சியால் மட்டுமன்றி வரலாற்றாலும் காட்டலாம். அதற்குக் கொங்குநாட்டின் கீழெல்லைக்கண் ஓங்கி நிற்கும் கொல்லிமலையே தக்க சான்றாகும்.

கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலையென்றும், கொல்லிப்பாவை நின்ற மலையென்றும் சங்கச் சான்றோராற் புகழப்பெற்றது. அதன்மேல் ஆகாய கங்கை என்னும் அருவிக்கு அணித்தாய் அறப்பளீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. அறப்பள்ளி என்னும் இத்தலம் தேவாரத்துள் வைப்புத் தலமாக வைத்துப் பாடப்பெற்றது. அறுத்துச் சமைக்கப்பட்ட மீன் மீளப் பொருந்தி உயிர்பெற்று ஆற்றிற் குதித்தது என்பது அத்தலத்து ஐதிகம். மலைமேல் வாழ்வார் மலையாளி எனப்படும் குடியினர். அவர் பேசும் மொழி தமிழே. முற்காலத்தே கீழ்நாட்டார் இம்மலையேறித் தங்க அஞ்சினர். அவ்வச்சத்திற்குக் காரணம் புலியும் கரடியும் மட்டுமல்ல, மலைச்சுரமுமாம்.

சுரமும் வினையும் ஒருங்கு பேசப்பட்ட பழைய நிகழ்ச்சியொன்று இம்மலைக்குச் சேய்மையில்லாத திருச்செங்கோட்டில் நிகழ்ந்தது. கி. பி. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் கொங்குநாட்டிற் கொடிமாடச் செங்குன்றூரை அடைந்தபோது, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்திற்று. இந்நாட்டிற்கு இப்பருவத்தில் இஃது இயல்பு என்று அவர்கள் விண்ணப்பித்தனர். பிள்ளையார் அதனைக் கேட்டு வாளா இருந்திலர். திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தார். சுரம் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையும் விட்டு நீங்கிற்று என்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. அப்பதிகத்தின் தொடக்கமே வினையைப் பற்றியது. இந்த வினைக்கு இந்தப் பயன் என்று அறிந்து சொல்லுவோர், அவ்வறிவோடு நின்று உய்வு நாடாதிருத்தல் குறையேயாகும் என்பது அதன் கருத்து. வினையுண்டு என்பதை மறுத்தாரல்லர் பிள்ளையார். வினையைக் காரணமாகக் காட்டி நோயாளியைக் கிடக்க விடுவதையே மறுத்தார். இதனை உளங்கொண்டு மேற்செல்க.

இனி, கிறித்து சமயத்தார் வினைப்பயனைப்பற்றி யாது கூறுகின்றனர் என்பதைப் பார்ப்பாம். மனிதன் எதனை விதைக்கின்றானோ அதனையே அறுப்பான் என்பது பவுலடியார் கலாத்தியர்க்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திற் காணப்படும் உபதேசம். இது நம்மவர் கூறும் வினைக்கொள்கையோடு சொல்லளவிலும் ஒத்திருக்கின்றது. அதே அதிகாரத்தில், ஒவ்வொருவனும் தன்தன் சுமையைத் தானே சுமப்பான் என்னும் கருத்தும், ஒருவர் பாரத்தை மற்றொருவர் தாங்குக என்னும் கருத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை தம்முள் முரணுவனபோலத் தோன்றினும் முரணுவன அல்ல. முன்னது பொறுப்பைப்பற்றியது, பின்னது அன்பைப்பற்றியது.

ஆயினும், ஒருவனுக்கு வந்த துன்பத்தைக் கண்டு அவன் பாவத்தின் அளவை ஊகித்தல் ஆகாது என்பதும் அவர் வேதத்துட் சொல்லப்பட்டது. சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரம் இடிந்து வீழ்ந்து 18 பேர் மாண்டபோது, இறந்தார் பிறரினும் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசுநாதர் கூறினார். பிறவிக் குருடனைச் சீடர்கள் காட்டி, இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ இதற்குக் காரணம் என்று வினவியபோது, அவர் இரண்டையும் மறுத்து, அவனுக்குப் பார்வை அளித்தார். மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு விரித்துரைக்கப்படுகின்றது. ஆங்கு மக்கள் வினாவப்படுவது பசித்தார்க்கு உணவளித்தனரா, நோயுற்றாரைச் சென்று கண்டனரா என்பதே. எனவே செயலின் பயன் அச்சமயத்தில் இல்லை என்பார் கூற்று ஆராய்ச்சியில்லாக் கூற்றேயாம்.

வேறுபாடு எங்கே உளது எனின், மூன்றிடத்து உளது. பிறவி ஒன்றே என்பது அவர் கொள்கை. பிறவி பல என்பது நம் கொள்கை. ஆதாமின் பிழை அவன் வழித்தோன்றினார் அனைவரையும் பற்றிற்று என்பர் அவர். ஒருவன் வினை பிறனைச் சாராது என்பேம் நாம். இயேசுநாதரின் மரணத்தால் பாவத்தண்டனை தீரும் என்பர் அவர். இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழிச் சத்திநிபாதம் உண்டாக, இறைவனே குருவாய் வந்து ஆட்கொள்வான் என்பேம் நாம். இவ்வேறுபாடுகள் பெரியன, மறைத்தற்கு உரியன அல்ல.

இவைபற்றிய வாதம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய பெருமான். அவரே 1854-இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டுச் சைவத்தின்மேற் சொல்லப்பட்ட பழிகளைக் களைந்தார். அதே 1854-இல் அமெரிக்கப் பாதிரியாராகிய ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளிப்படுத்தினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆசிரியர் ஹாக் என்பார் 1909-இல் கன்மமும் மீட்பும் என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கன்மக் கொள்கை குற்றத்திற்குத் தண்டனை அளந்து தரும் நீதிமன்ற ஒழுங்கு போன்றது, உயிர்களைத் திருத்தும் அன்பின் ஒழுங்கு அன்று என்பது அவர் கூறிய குறைகளுள் தலையாயது. அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் பிற்காலத்தே குடியரசுத் தலைவராய் விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இத்தகைய குறைகூறலுக்கு விடையாகவே அவர் தம் மாணவப் பருவத்தில் வேதாந்த ஒழுக்கநூல்பற்றி எழுதினார். அது 1908-இல் அச்சாயிற்று.

ஹாக் கூறிய குறை சைவசித்தாந்தத்தைச் சாராது. என்னை? வினை சடமாதலின் தானே வந்து பயன் தரமாட்டாது; உயிர் தன் துன்பத்தைத் தானே விரும்பி எடுத்துக்கொள்ளாது; ஆதலின் அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும்; அவன் சிவபெருமானே. அவன் கூட்டுவதும் பழிவாங்குதற்கு அன்று. மருத்துவன் சில நோய்களைக் கத்தியால் அறுத்துத் தீர்ப்பான், சில நோய்களைப் பாலொடு கலந்த இனிய மருந்தூட்டித் தீர்ப்பான். அவ்வாறே இறைவன் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையைத் தீர்க்கின்றான் என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே விளக்கியருளினார். முன்னதை மறக்கருணை என்றும் பின்னதை அறக்கருணை என்றும் கூறுப. இரண்டும் கருணையே.

ஏட்டளவில் நிகழ்ந்த இவ்வாதம் 1913-இல் கொல்லிமலைமேல் வாழ்க்கையாய் நிகழத் தொடங்கிற்று. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் ஆங்கிலச் சங்கத்தைச் சார்ந்த ஜெஸி பிராண்ட் என்பவர், தம் மனைவியார் ஈவ்லினுடன் அவ்வாண்டில் மலையேறி, வாழவந்தியில் வீடுகட்டிக் குடியேறினார். அவர் சிறிது மருத்துவமும் தச்சு முதலிய கட்டட வேலையும் கற்றவர். அவர் சார்ந்த சபையோ, இறைவன் முன்னரே தெரிந்துகொண்டவரே கடைத்தேறுவர், மனிதன் செயலால் அது கைகூடாது என்னும் கொள்கையுடையது. அக்கொள்கையையும் ஒருவன் சோம்பலுக்குத் துணையாகக் கொள்ளலாம். எல்லாம் முன்னரே முடிந்தது, யான் செய்யக்கடவது யாது என்று இருந்துவிடலாம். பிராண்ட் அங்ஙனம் இருந்திலர். நோயாளிகளைத் தேடி மலைவழிகளில் நடந்தார், பள்ளி வைத்தார், தொழில் கற்பித்தார். பல ஆண்டுகள் சென்றும் மலையாருள் ஒருவரும் அவர் சமயத்திற் சேரவில்லை. அதனால் அவர் மருந்து கொடுத்தலை நிறுத்தினாரல்லர்.

அக்காலத்து மலைமேல் மிக்கிருந்த நோய்களுள் நரம்புச் சிலந்தி ஒன்று. அதன் வரலாறு வினைப்பயனை ஆராய்வார்க்கு ஓர் அரிய எடுத்துக்காட்டாகும். நோயுற்றவன் காலிலே கொப்புளம் தோன்றி, நூல்போன்ற புழு அதன்வழி வெளிப்படும். அது இரண்டடி மூன்றடி நீளமும் உடையதாகும். எரிச்சல் தாங்காது அவன் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பான். அப்பொழுது அப்புழு எண்ணில்லாத நுண்குஞ்சுகளை நீரில் விடும். நீரிலுள்ள சிற்றுயிர்கள் அவற்றை உண்ணும். அந்நீரைப் பருகியவன் உடம்பில் அவை புகுந்து வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபின் அவன் காலிலே கொப்புளமாய்த் தோன்றும். சென்ற ஆண்டு குடித்த ஒரு வாய் நீர் இவ்வாண்டு நோயாய் வெளிப்படுதலின், உண்டவன் அதன் காரணத்தை அறியான். தெய்வக் குற்றம் என்பான், அல்லது ஊழ் என்பான்.

பிராண்ட் அப்புழுவைச் சிறு குச்சியிற் சுற்றி, அறுந்துவிடாதவாறு நாடோறும் சிறிது சிறிதாக இழுத்து எடுப்பார். அறுந்தால் புண் சீழ்கொண்டு காலே கெடும். அவர் அம்மட்டில் அமையாது, மக்கள் கிணற்று நீரிற் கால்வைத்து இறங்காதபடி சுற்றுச்சுவர் எழுப்புதலிலும் முயன்றார். இந்தியா முழுமையும் இந்நோய் ஒழிந்ததும் இவ்வழியினாலேதான். படிக்கிணறுகளை மாற்றியும், நீரை வடிகட்டிக் குடிக்கக் கற்பித்துமே அது நீங்கிற்று. இந்நாட்டில் இறுதியாக அந்நோய் கண்டது 1996-இல். உலக சுகாதார நிறுவனம் 2000-இல் இந்தியாவை அந்நோயினின்று நீங்கிய நாடென்று உறுதிசெய்தது.

ஈண்டு ஒரு வினா எழும். நரம்புச் சிலந்தியால் வருந்துவது அவன் பிராரத்தம் ஆயின், கிணற்றுக்குச் சுவரெடுத்த அளவில் அது நீங்கியது எவ்வாறு? வினை பொய்யாயிற்றோ எனின், ஆகாது. பிராரத்தம் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என்னும் மூன்று வாயில்களாலே வந்து பொருந்தும் என்பது சித்தாந்தம். இன்ன வினை இன்ன வாயிலால் இத்துணைக் காலம் வருத்தும் என்று அறிவான் இறைவன் ஒருவனே, அயலான் அல்லன். நோய் வருதற்கு ஒரு வாயில் இருந்தவாறே அது நீங்குதற்கும் ஒரு வாயில் உண்டு. சுவரெடுத்த கையும் இறைவன் கூட்டிய வாயிலே. அன்றியும், பிறனுக்கு வந்த துன்பம் அவன் பிராரத்தம். அதனைத் தீர்க்க வல்லமையுடையான் தீர்க்க முயலாது நின்றால், அங்ஙனம் நின்றது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறன் வினையைக் கணக்கிட்டுக்கொண்டு தன் வினையை மறப்பவன் வினைக்கொள்கையை அறிந்தவன் ஆகான்.

1918-ஆம் ஆண்டிற் பரவிய இன்புளுவென்சா என்னும் கொள்ளைச் சுரம் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொன்றது. அது கொல்லிமலையையும் விட்டிலது. வீடுதோறும் மக்கள் கிடந்தனர். தொற்றுக்கு அஞ்சி உற்றாரும் அணுகிலர். பிராண்டும் அவர் மனைவியாரும் அரிசிக்கஞ்சி காய்ச்சி வீடுவீடாய்க் கொண்டுசென்று ஊட்டினர். அதுகாறும் அவர்களை எதிர்த்து, அவர்களிடம் செல்லாதவாறு மலையாரைத் தடுத்துவந்த ஊர்ப்பூசாரியும் அச்சுரத்தில் வீழ்ந்தார். தமக்கு உரியார் ஒருவரும் வாராதபோது அவ்வேற்றுநாட்டார் வந்து பேணியதைக் கண்ட அவர், இறக்குமுன் தம் மக்களை அவர்களிடமே ஒப்படைத்தார் என்று அக்குடும்பத்தார் வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அம்மலையில் அச்சமயம் வேரூன்றியது அதன் பின்னரே.

இந்நிகழ்ச்சியைச் சைவர் நாணத்தோடு நினைத்தல் வேண்டும். பூசாரியின் உள்ளத்தை மாற்றியது பிறவி ஒன்று என்னும் வாதமா? ஆதாமின் கதையா? அன்று. ஒரு கலயம் கஞ்சி. குளிர்சுரத்தாற் கிடந்தாரைக் கண்டு பதிகம் பாடிய பிள்ளையாரின் நாட்டிலே, சுரத்தாற் கிடந்த ஒரு பூசாரிக்குக் கஞ்சி வார்க்க ஆளில்லாது போயிற்று. சூலைநோயால் வருந்திய அப்பரை, சமயம் மாறிய வினையை நீயே அனுபவி என்று திலகவதியார் தள்ளினாரா? திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர் அன்றோ? நம் ஆசாரியர் காட்டிய நெறியை நாம் ஏட்டிலே வைத்திருந்தோம். பிறர் வேறொரு பெயரால் அதனைச் செய்கையில் வைத்திருந்தனர்.

பிராண்ட் 1929-ஆம் ஆண்டு சூன் திங்களில், மலைச்சுரம் முற்றிச் சிறுநீர் கறுக்கும் கொடுஞ்சுரத்தால் மலைமேலேயே இறந்து வாழவந்தியில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் உதகமண்டலத்திற் பிறந்து, ஒன்பது வயதளவும் கொல்லிமலையில் வளர்ந்து, கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டவர். தொழுநோயாளர் சிலர் தம் வீட்டு முற்றத்திற்கு வந்ததும், தந்தையார் அவர்கள் புண்களைக் கழுவிக் கட்டியதும் அவருடைய இளமை நினைவுகளுள் அழியாது நின்றன. அவர் சத்திரசிகிச்சை வல்லுநராகி 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்.

தொழுநோயை வினைப்பயன் என்று நம்மவரும், தெய்வ தண்டனை என்று மேல்நாட்டாரும் நெடுங்காலம் வெறுத்தொதுக்கினர். அதற்குக் காரணமான நுண்கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இற் கண்டறிந்த பின்னரும் அவ்வெறுப்பு நீங்கவில்லை. விரல்கள் அழுகித் தாமே உதிர்கின்றன என்றே மருத்துவரும் எண்ணினர். பால் பிராண்ட் நோயாளரை நாடோறும் நெருங்கி ஆராய்ந்து வேறொன்று கண்டார். நோய் நரம்புகளைக் கெடுத்து நோவறியும் உணர்ச்சியைப் போக்கிவிடுகின்றது. நோவறியாதவன் கொதிக்கும் கலத்தைப் பற்றுகின்றான். முள் தைத்த காலோடு நடக்கின்றான். உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. இக்காயங்களே நாளடைவில் விரலைத் தேய்த்து அழிக்கின்றன. எனவே கையைக் கெடுத்தது பெரும்பாலும் நோயன்று. உணராது செய்த செயல். இதனை அறிந்தபின், நோயாளர் தம் கைகால்களை நாடோறும் கண்ணாற் பார்த்துக் காக்கக் கற்பிக்கப்பட்டனர். இரவில் எலியைத் தடுக்கப் பூனைகளும் கொடுக்கப்பட்டன. மடங்கிய விரல்களுக்கு நல்ல தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையும் அவரால் வளர்ந்தது. அதற்காக 1960-இல் லாஸ்கர் பரிசு பெற்றார். நோவு தண்டனையன்று, உடம்பைக் காக்க இறைவன் வைத்த கொடை என்பது அவர் பிற்காலத்தில் நூல்களாக எழுதி வற்புறுத்திய கருத்து. அவர் 2003-இற் காலமானார்.

இதனை வேற்றுச் சமயத்தாரொருவர் மருத்துவத்தாற் கண்டார். சைவர்க்கோ இஃது அருணந்தியார் அருளிய மறக்கருணையின் உரையாகவே அமைகின்றது. துன்பம் இல்லையாயின் உயிர் தீயைத் தீயென்று அறியாது. இன்னுமொன்று: புறவிருள் பிற பொருளை மறைத்துத் தன்னைக் காட்டும், ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிற் காட்டியருளினார். உணர்ச்சியிழந்த கையை உடையான் தான் உணராமையையும் உணராது அக்கையைத் தானே அழித்துக்கொள்ளுதல், ஆணவத்தில் அழுந்திய உயிரின் நிலைக்குக் கண்கூடான உவமையாம். பிறர் துன்பத்தைக் கண்டும் நோவாத நெஞ்சமும் அத்தகைய கையே.

பாலின் தாயார் ஈவ்லின் அம்மையார், சங்கத்தார் வயது கருதி ஓய்வளித்தபின்னும் கொல்லிமலைக்கே மீண்டு, அதனோடு அமையாது அயலிலுள்ள மலைகளுக்கும் சென்று, முதுமையில் கோலூன்றி ஊர்தோறும் நடந்து மருந்தளித்தார். 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் 95 ஆம் வயதில் இறந்து, கணவர் அருகே வாழவந்தியில் அடக்கம் செய்யப்பெற்றார்.

இவற்றால் பெறப்படுவது யாது? கிறித்து சமயம் சைவமாகாது. சைவம் கிறித்து சமயமாகாது. பிறவியும் மலமும் முத்தியும் பற்றிய வேறுபாடுகள் நிற்கவே செய்யும். அவற்றை நூல்வழி ஆராய்ந்து உரைத்தல் அறிஞர் கடன். ஆனால் துன்புறுவான் ஒருவன் எதிரே கிடக்கும்போது, இது யாருடைய பாவம் என்று வினவிய சீடரை அவர் ஆசிரியரும் ஏற்கவில்லை. வினையென்று சொல்லி அமைவாரை நம் பிள்ளையாரும் ஏற்கவில்லை. வினைக்கொள்கை ஒருவன் தன்னை நோக்கிக் கொள்ளவேண்டிய கண்ணாடி. பிறனை அளத்தற்கு வைத்த அளவுகோல் அன்று. அதனைத் தன்மேல் வைத்துப் பார்ப்பவனுக்கு அது பணிவையும் முயற்சியையும் தரும். பிறன்மேல் வைத்துப் பார்ப்பவனுக்கு நெஞ்சத்தைக் கல்லாக்கும்.

அறுபட்ட மீனைப் பொருந்தச் செய்த அறப்பளீசுவரப் பெருமான் வீற்றிருக்கும் மலை அது. அம்மலைமேல் அறுபட்ட உடம்புகளைப் பொருத்தப் பிறநாட்டார் வந்து பாடுபட்ட வரலாற்றைச் சைவர் பொறாமையின்றி அறிதல் வேண்டும்; அறிந்தபின், திருக்கோயிலுக்குச் செல்லும் வழியிற் கிடக்கும் நோயாளியைக் கடந்து செல்லாதிருத்தல் வேண்டும். அதுவே சிவபுண்ணியம்.

திருச்சிற்றம்பலம்.